இரைச்சலைப் பற்றி முப்பது பேர்

வெள்ளவத்தை,
11.01.2025

என் அன்பு அம்மம்மாவுக்கு,

யது எழுதுகிறேன். நானும் தம்பி ரஜிதனும் சுகம். உங்கள் முழங்கால் நோவு எப்படி? பனிக்கு மப்ளர் கட்டுகிறீர்களா? போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை, நாளைக்கு நாங்கள் இல்லையென்று சொல்லிவிடுவோம் என்று அம்மாவிடம் சொன்னீர்களாம். ஆகவே சாட்சியோடு எழுதுகிறேன்.

எங்கள் வடிவமைப்புப் படிப்பு இந்தச் சித்திரையோடு முடிகிறது. ஆளுக்கு ஒரு இதழ் செய்ய வேண்டும். நான் செய்தது றொக் இசை இதழ். மின்கிற்றாரும் றம்ஸ் மேளமும் வைத்து அடிக்கும் பாட்டு, நீங்கள் ‘தகரக்கடைக்குள் மாடு புகுந்தது’ என்று சொல்வீர்களே, அதுதான். இதழின் பெயர் ‘இரைச்சல்’. முப்பத்திரண்டு பக்கம். எழுத்து, படம், அட்டை எல்லாம் என் கைவேலை.

இனி வாசகர் கருத்து எடுக்க வேண்டும். கொழும்புக்கு வெளியே உள்ள முப்பது பேர் இதழைப் பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டும். எட்டுக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு பெட்டி: மிக நன்று, நன்று, பரவாயில்லை, சரியில்லை. கீழே இரண்டு வரி எழுத இடம் இருக்கிறது. என்னோடு படிப்பவர்கள் தெரிந்த ஆட்களிடம் நிரப்பி முடித்துவிட்டார்கள். எனக்கு முள்ளியவளையில் கேட்க வேண்டும் போலிருக்கிறது. எங்கள் ஊரில் ஒருவர் கையில் எடுத்துப் புரட்டுவாரா என்று தெரியாமல் இதழ் செய்து என்ன?

ஐந்து பிரதியும் முப்பது படிவமும் வைத்திருக்கிறேன். பதினாறு முதல் இருபத்தைந்து வயதுக்காரர் என்றால் நல்லது. சித்திரை, அதாவது ஏப்ரல் முப்பதுக்குள் நான் ஒப்படைக்க வேண்டும்.

உங்கள் காலைத் தொட்டு,
யதுர்ஷிகா


முள்ளியவளை,
25.01.2025

பேத்தி யதுர்ஷிகா அறிவது,

நாகபூசணி அம்மம்மா எழுதுகிறேன். நான் சுகம். முழங்காலும் என்னோடுதான் இருக்கிறது. உன்னுடைய சுகத்துக்கும் ரஜிதனுடைய சுகத்துக்கும் பிள்ளையாரிடம் சொல்லியிருக்கிறேன். மூன்றாம் வகுப்பு எழுத்து இது, பொறுத்து வாசி.

முப்பதும் இத்துடன் வருகிறது. நாலே நாளில் முடித்தேன். பார்சலை உடைத்த அன்றே இறங்கிவிட்டேன்.

உன் புத்தகத்துக்குக் கிடைத்த மரியாதையை நீ பார்த்திருக்க வேண்டும். கனகலிங்கம் தோளில் கிடந்த துவாயை எடுத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினார். தொண்ணூற்றாறில் இடம்பெயர்ந்த நேரம் என் மண்வெட்டியைக் கொண்டுபோய்ப் பிடியில்லாமல் திருப்பித் தந்த மனிசன் அவர். அவரே அப்படி வாங்கினார். ஆன்சலா சிலுவை அடையாளம் போட்டாள். கமலாசனி அட்டையைத் தடவிக் கண் கலங்கி, “இந்த வயசிலயோ!” என்றாள். “ஓம், இந்த வயசிலதான். கெட்டிக்காரியெல்லோ” என்று நான் உன்னை நினைத்துச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். கெட்டிக்காரப் பேரப்பிள்ளை இல்லாதவர்களுக்கு அது இருக்கும்.

பெடியன்கள் கண்ணில் படவில்லை, அதனால் தாய் தகப்பன்மாரிடம் நிரப்பினேன். பெற்றவர்களுக்குத் தெரியாததா? எந்தப் பெட்டி என்று தடுமாறியவர்களுக்கு முதல் பெட்டியை விரலால் காட்டிக் கொடுத்தேன்.

எட்டுக் கேள்விக்கும் எல்லோரும் மிக நன்று. இனி உன் வாத்தியார் என்ன சொல்வார் பார்ப்போம்.

நெல் வெட்டு தொடங்கப் போகிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மம்மா


வெள்ளவத்தை,
08.02.2025

அன்பான அம்மம்மாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? நெல் வெட்டில் தூசுக்குள் நிற்க வேண்டாம். நாங்கள் சுகம்.

எப்படி எழுதுவதென்று இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் விரிவுரையாளர் முப்பது படிவத்தையும் மேசையில் பரப்பினார். இருநூற்று நாற்பது சரி அடையாளம். எல்லாம் முதல் பெட்டியில். “இது வாசகர் கருத்தில்லை யதுர்ஷிகா, இது ஆரோ பக்கத்தில நிண்டு வாங்கின வாக்கு” என்றார். வகுப்பே சிரித்தது.

கீழே எழுதியிருந்த வரிகளையும் உரத்து வாசித்தார். ஒருவர் ‘நல்ல பிள்ளை, மறக்க முடியாது’ என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் ‘எல்லாம் அவன் சித்தம்’. கனகலிங்கம் ஐயா ‘குடும்பத்தாருக்கு இறைவன் ஆறுதல் தருவாராக’ என்று எழுதியிருக்கிறார். என் இதழ் அவ்வளவு மோசமா அம்மம்மா?

முப்பதையும் திருப்பிவிட்டார். உண்மையான முப்பது படிவம் கொடுக்காவிட்டால் என் வேலையை ஏற்கமாட்டார்கள். இன்னொரு வருடம் இருந்து திரும்பச் செய்ய வேண்டும். இன்னொரு வருடம் விடமாட்டேன், வீட்டுக்கு வா என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டா. பயமாக இருக்கிறது. அதைவிட, இதழ் நல்லதோ கூடாததோ என்று எனக்கு இன்னும் தெரியாது. அதுதான் நித்திரையைக் கெடுக்கிறது.

புதிதாக முப்பது படிவம் அனுப்புகிறேன். இந்த முறை கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். பக்கத்தில் நிற்க வேண்டாம். கோபிக்காதீர்கள்.

உங்கள்
யது


முள்ளியவளை,
17.02.2025

பேத்தி யதுவுக்கு,

நான் சுகம். நீ சுகமில்லை என்று எழுத்திலேயே தெரிகிறது. வகுப்பில் சிரித்தவர்களின் பெயர்களை எழுதி அனுப்பு.

நின்றது உண்மை. படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தால் அது அடுப்புக்குள்ளேதான் போகும். என் முகத்துக்கு முன்னால் என் பேத்தியின் வேலையைக் கூடாது என்று சொல்ல இந்த ஊரில் யாருக்கு வாய் இருக்கிறது? உன் வாத்தியார் சொல்வதும் ஒரு வகையில் சரிதான். எனக்கு வேண்டியவர்கள் எனக்கு உண்மை சொல்லமாட்டார்கள்.

உண்மை வேண்டுமென்றால் பகையாளியிடம்தான் போக வேண்டும். எனக்கு இருந்தது நாலு பகை. இரண்டு பேர் செத்துப் போனார்கள். ஒருவர் கனடா போய்விட்டார். மிச்சம் இரஞ்சிதம் ஒருத்தி.

உனக்கு அந்தக் கதை அரைகுறையாகத்தான் தெரியும். முழுதாக எழுதுகிறேன். இரஞ்சிதம் என் அண்ணரின் மனைவி, எனக்கு மச்சாள். அண்ணர் 2014 ஆவணி ஒன்பதாம் திகதி மோசம் போனார். முப்பத்தோராம் நாளுக்கு நினைவுமலர் அடித்தாள். கறுப்பு மட்டை, அண்ணரின் படம், பிறந்த வருடம், செத்த வருடம் எல்லாம் ஒழுங்காகக் கிடந்தது. உள்ளே சகோதரர்கள் என்று போட்டு மூன்று பெயர். அண்ணரை விட்டு நாங்கள் நாலு பேர். என் பெயர் இல்லை. அண்ணரைப் பதின்மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தது நான். ஊர் முழுக்க அந்த மலரைக் கொண்டு திரிந்தது. அன்று மூடிய வாயை நான் அவளுக்கு இன்னும் திறக்கவில்லை. பதினொரு வருடம். ஒரே வேலிக்கு அங்காலதான் அவள் வீடு.

அவள் வாசலை மிதிக்கமாட்டேன். அந்தப் பேச்சை விடு.

வேறு வழி செய்திருக்கிறேன். சந்தியில் ரூபன் சலூன் வைத்திருக்கிறான். பெடியன்கள் மணிக்கணக்காகக் குந்தியிருக்கும் இடம். இரண்டு பிரதியையும் படிவத்தையும் ஒரு பேனையையும் அங்கே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பக்கத்தில் நிற்கவில்லை. சந்தோசமா?

நித்திரை கொள்.

அம்மம்மா


வெள்ளவத்தை,
20.03.2025

அம்மம்மாவுக்கு,

சுகம்தானே? ஒரு மாதமாக உங்களிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. சுகமாக இருக்கிறீர்கள், குடையைப் பிடித்துக்கொண்டு சந்திக்குப் போய்வருகிறீர்கள் என்று அம்மா சொன்னா.

சலூனில் எத்தனை படிவம் நிரம்பியது? ஐந்து நிரம்பியிருந்தாலும் எழுதுங்கள். இன்னும் ஆறு கிழமைதான்.

இரஞ்சிதம் ஆச்சியின் கதையை வாசித்தேன். ஏன் விட்டீர்கள் என்று அவவிடம் ஒரு நாளும் கேட்கவில்லையா?

யது


முள்ளியவளை,
29.03.2025

யது பிள்ளைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் அம்மாவிடம் என்னை உளவு பார்க்கச் சொல்லாதே.

சலூனில் ஒரு படிவமும் நிரம்பவில்லை. முதல் கிழமை போய்ப் பார்த்தேன். ரூபன் உன் புத்தகத்தைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்துச் செவ்வரத்தம்பூ ஒன்று வைத்திருந்தான். பெடியன்கள் போனையும் நோண்டாமல் வாங்குப் பலகையில் இருந்தார்கள். ஒருவனும் ஒரு பக்கம் புரட்டவில்லை. “என்ன ரூபன், புத்தகத்தை ஒருத்தரும் பார்க்கேல்லையோ?” என்று கேட்டேன். “இல்லையணை ஆச்சி, எல்லாரும் தலையைக் குனிஞ்சு கும்பிட்டிட்டுத்தான் இருக்கிறாங்கள்” என்றான்.

அப்படியே மூன்று கிழமை போனது.

போன கிழமை வெள்ளிக்கிழமை காலை முற்றம் கூட்டிக்கொண்டு நின்றேன். படலை திறந்தது. இரஞ்சிதம். வெள்ளைச் சீலை. பின்னால் அவளுடைய பேத்தி சாரங்கா.

“மச்சாள், ரஜிதனோ?” என்றாள்.

“எந்த ரஜிதன்?”

“உங்கட பேரன். மருமகன் சலூன்ல மலரைப் பார்த்திட்டு வந்து சொன்னவர். எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கட்டும். சாவுக்கு ஒரு சொல்லு அனுப்பக்கூடாதோ?”

“ரஜிதன் வெள்ளவத்தையில இருந்து சோறு தின்னுறான். அது பாட்டுப் புத்தகம்.”

“என்னது?”

“பாட்டுப் புத்தகம்! யது செய்தது.”

அவள் கையில் சலூன் பிரதி இருந்தது. தூக்கி என் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். “கறுப்பு மட்டை. கண்ணை மூடின பெடியன். கீழ இரண்டாயிரத்து மூண்டு கோடு இரண்டாயிரத்து இருபத்தைஞ்சு. இருபத்திரண்டு வயசு. இதைப் பார்த்து ஆர் பாட்டெண்டு நினைப்பினம்?”

“அது ஏதோ பாட்டுக் குழு தொடங்கின வருசமாம்.”

“தொடங்கினவை சந்தோசமாயெல்லோ தொடங்கியிருப்பினம்! இந்த மேல கிடக்கிறது என்ன எழுத்து? அறுந்த கம்பி மாதிரிக் கிடக்கு.”

“இரைச்சல்.”

“ஓ! அதை நீங்கள் வாயால சொன்னாத்தான் தெரியும்.”

அட்டைக்கு உன் பெட்டியில் நாலாவதைப் போடச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வந்தாள், குறை சொன்னாள், போனாள். அவ்வளவுதான் நடந்தது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். கமலாசனி கண் கலங்கியபோதே எனக்குச் சாடையாக விளங்கியது. முப்பது கையெழுத்தும் சேரட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். நீ கேட்கவில்லை, நான் எழுதவில்லை.

நீ கேட்ட மற்றக் கேள்வியைத் திரும்பக் கேட்காதே.

அம்மம்மா


முள்ளியவளை,
31.03.2025

அன்புடன் யதுர்ஷிகா அக்காவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் சாரங்கா. இரஞ்சிதம் ஆச்சியின் பேத்தி. சின்னனில் உங்களோடு மாங்காய்க்குக் கல்லெறிந்திருக்கிறேன், ஞாபகம் இருக்குமோ தெரியாது. இப்போது பத்தொன்பது வயது. எங்கள் மாட்டுக் கொட்டிலின் ஒரு பக்கத்தில் ஒரு பழைய றம்ஸ் வைத்து அடிக்கிறேன். பால் குறைந்துவிட்டது என்று வீட்டில் முறைப்பாடு.

உங்கள் அம்மம்மா வெள்ளிக்கிழமை நடந்ததை எழுதியிருப்பா. அரைவாசிதான் எழுதியிருப்பா. அதனால் மற்ற அரைவாசியை நான் எழுதுகிறேன்.

ரஜிதன் அண்ணா உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த பிறகும் எங்கள் ஆச்சிக்கு அழுகை நிற்கவில்லை. “ரஜிதன் பிறந்த நேரம் நாற்பது நாளும் குளிக்க வார்த்தனான் மச்சாள். இப்ப முகம் எனக்கு மட்டுக்கட்டத் தெரியேல்லை. ஆரோ ஒரு பெடியன்ர படத்துக்கு வீட்டில இருந்தே அழுதுகொண்டு வந்தனான்” என்று முற்றத்து மண்ணில் இருந்துவிட்டா. உங்கள் அம்மம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அவவைத் தூக்கப் போய், தூக்கமுடியாமல் தானும் இருந்தா. பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். செத்தது ஒருவருமில்லை அக்கா. எனக்குச் சிரிப்பதா என்ன செய்வதென்று தெரியவில்லை. போய்த் தேத்தண்ணீர் ஊற்றினேன்.

தேத்தண்ணீர் குடித்த தென்பில் சண்டை தொடங்கியது. உங்கள் அம்மம்மா அந்தப் பெயரைப் பற்றிக் கேட்டா. “அச்சகத்தான் ஒரு வரியை விட்டிட்டான்” என்றா ஆச்சி. “ஒப்புப் பார்த்தது ஆர்?” என்றா உங்கள் அம்மம்மா. “என்ர மனிசன் போய் இருபத்தைஞ்சாம் நாள். நான் சோறு எது மண் எது எண்டு தெரியாம இருந்தனான். எழுத்துப் பார்க்கச் சொல்லுறியளோ?” என்றா ஆச்சி. உங்கள் அம்மம்மா மிச்சத் தேத்தண்ணீரை ஆச்சியின் கோப்பையில் ஊற்றினா. பிறகு, “அதை அண்டைக்கே வந்து சொல்லியிருக்கலாம்” என்றா. “வந்தனான். படலை பூட்டியிருந்தது” என்றா ஆச்சி.

இனி என் கருத்து. ஒளிக்காமல் எழுதச் சொல்லி உங்கள் அம்மம்மாவின் கட்டளை. இதழை மூன்று தரம் வாசித்தேன். கிற்றார்க் கம்பி அறுந்த இரவைப் பற்றிய கட்டுரை நல்ல திறம். மட்டக்களப்புக் குழுவின் பேட்டியை வாசித்துவிட்டுக் கொட்டிலுக்குப் போய் இரண்டு மணித்தியாலம் அடித்தேன். ஆனால் முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு பெண்பிள்ளையின் கையில் ஒரு வாத்தியம் இல்லை. இரண்டு இடத்தில் பெண் வருகிறா. இரண்டிலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறா. செய்தது நீங்கள் என்று தெரிந்தபோது கோபம் வந்தது. அந்தப் பெட்டியில் ‘சரியில்லை’ போட்டிருக்கிறேன். மன்னிக்க வேண்டாம், மாற்றுங்கள்.

அன்புடன்,
சாரங்கா


வெள்ளவத்தை,
07.04.2025

அன்பு அம்மம்மாவுக்கும் (சாரங்காவிடமும் காட்டுங்கள்),

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே ரஜிதன் செத்துப் பிழைத்த மனிதனாகத் திரிகிறான். இரஞ்சிதம் ஆச்சிக்குத் தன் புதுப் படம் ஒன்று அனுப்பியிருக்கிறான், கண்ணைத் திறந்துகொண்டு.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு அட்டையைச் சுவரில் ஒட்டித் தள்ளி நின்று பார்த்தேன். கறுப்பு, முகம், இரண்டு வருடம். ஆறு மாதம் இதனோடேயே இருந்தும் என் கண்ணுக்குப் படவில்லை. கொழும்பில் ஒருவருக்கும் படவில்லை. எங்கள் ஊரில் ஒரு கறுப்பு மட்டை எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

சாரங்கா எழுதியது சுட்டது. சரியான இடத்தில் சுட்டது. மாற்றுகிறேன்.

ஆனால் அவளுடையதைச் சேர்த்து என்னிடம் இருப்பது ஒரேயொரு உண்மையான படிவம். இருபத்தொன்பது வேண்டும். மூன்று கிழமைதான் இருக்கிறது. அட்டையில் ஒட்டப் பெரிய எழுத்தில் மஞ்சள் தாள் அனுப்புகிறேன்: ‘இது பாட்டு இதழ். ஒருவரும் சாகவில்லை.’ இந்த முறை சாரங்கா கொண்டு திரியட்டும். நீங்கள் வெயிலுக்குள் இறங்காதீர்கள்.

வெள்ளிக்கிழமையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை அம்மம்மா.

உங்கள்
யது


முள்ளியவளை,
22.04.2025

பேத்தி யதுவுக்கு,

புதுவருட வாழ்த்து. கைவிசேடக் காசு நீ வரும்போது தருவேன். நான் சுகம். சாரங்கா நல்ல பிள்ளை, ஆனால் கடிதம் எழுதும் பிள்ளைகளுக்கு முன்னால் கவனமாக இருக்க வேண்டும் என்று படித்துக்கொண்டேன்.

சாரங்கா தனியாகப் போய் ஆறு வீட்டில் கேட்டாள். “நல்லாயிருக்குப் பிள்ளை, ஆச்சிக்குச் சொல்லு” என்று ஆறு பேரும் ஒரே பல்லவி. என் பேத்தி செய்தது என்று தெரிந்துபோனது அல்லவா, பிறகு நான் வந்தாலும் ஒன்றுதான் வராவிட்டாலும் ஒன்றுதான். சாரங்கா வந்து தலையில் கை வைத்தாள். அப்போது இரஞ்சிதம் வேலிக்கு அங்கால நின்று, “நான் வந்தா எல்லாரும் குறைதான் சொல்லுவினம். என்ர வாய்க்குப் பயம்” என்றாள்.

“அப்ப வாங்கோவன்” என்றேன்.

அதுதான் வழியாகிப் போனது. இரண்டு பேரும் ஒரு வீட்டுக்குள் ஒன்றாகப் போனோம். பதினொரு வருடமாக ஒரு பந்தியில் இருக்காத இரண்டு பேர். ஊர் வாயைப் பிளந்தது. முதலில் கனகலிங்கம் வீடு.

“நல்லதெண்டு சொன்னால் இந்தாள் சந்தோசப்படும், நான் கோபிப்பன். கூடாதெண்டு சொன்னால் நான் சந்தோசப்படுவன், இந்தாள் கோபிக்கும். இப்ப சொல்லுங்கோ” என்றாள் இரஞ்சிதம்.

கனகலிங்கம் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “எந்தப் பக்கம் விழுந்தாலும் அடிதான் எண்டால், நினைச்சதையே சொல்லிப்போடுவம்” என்றார். படிவத்தைத் தானே வாங்கிக் கதிரையில் இருந்து அரை மணித்தியாலம் எழுதினார். எழுத்துச் சின்னன், கண்ணாடி போட்டும் தெரியவில்லை. பதினெட்டாம் பக்கப் படம் தலைகீழ். விலை எங்கே என்று கேட்டு ஒரு குறை. “என்ர மூத்தவன் இதைத் தூக்கிக்கொண்டு ஓடுவான், அவன்ர கைக்குக் குடுங்கோ” என்று மகனைக் கூப்பிட்டார். அந்தப் பெடியன் தனியாக ஒன்று நிரப்பினான்.

எல்லா வீட்டிலும் அதே கதை. ஒரு பக்கத்துக்குப் பயந்து மற்றப் பக்கத்துக்குப் பயந்து, நடுவில் உண்மை வந்து விழுந்தது. உன் வயதுக்காரர் மாத்திரம் இருபத்திரண்டு பேர். பெடியன்கள் எங்கள் சண்டை பார்க்க வந்துதான் அகப்பட்டார்கள். ஆண்டியப்பன் கடையில் வைத்து இரஞ்சிதம் “பாட்டுக்கு ஒரு புத்தகம் என்னத்துக்கு?” என்று கேட்க, நான் விடவில்லை. “பன்னிரண்டாம் பக்கத்தில அந்தப் பிள்ளை மழைக்குள்ள கிற்றாருக்குத் தன்ர சட்டையைக் கழட்டிச் சுத்தினது வாசிச்சனீங்களோ?” என்று கேட்டேன். அவள், “அது பதின்மூண்டாம் பக்கம்” என்றாள். கடைக்காரன் சிரித்துச் சிரித்துச் சீனியை நிலத்தில் கொட்டினான். பார்த்தாயா, குறை சொல்லிக்கொண்டே முழுவதையும் வாசித்திருக்கிறாள்.

முப்பது வேண்டுமென்றாய். நாற்பத்தொன்று இருக்கிறது. நாலு பெட்டியிலும் சரி விழுந்திருக்கிறது. வாத்தியாரிடம் எண்ணச் சொல்லு.

நடந்து நடந்து முழங்கால் நோவு குறைந்திருக்கிறது. காரணம் தெரியவில்லை.

அம்மம்மா


வெள்ளவத்தை,
12.05.2025

என் அம்மம்மாவுக்கு,

சுகமா? இரஞ்சிதம் ஆச்சியும் சாரங்காவும் சுகமா?

ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! விரிவுரையாளர் நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாக வாசித்தார். கனகலிங்கம் ஐயாவின் படிவத்தை இரண்டு தரம். “இவ்வளவு சண்டை பிடிச்சு ஒருத்தரும் வாசகர் கருத்து எடுத்ததில்லை” என்றார். இந்த முறை வகுப்பு சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது.

முடிவையும் அறிய வேண்டும் அல்லவா. அட்டை சரியில்லை என்றவர்கள் முப்பத்து மூன்று பேர். தலைப்பு வாசிக்க முடியவில்லை முப்பத்தாறு. கட்டுரைகள் நன்று அல்லது மிக நன்று இருபத்தொன்பது. திரும்ப வந்தால் வாசிப்பேன் என்றவர்கள் இருபத்தேழு பேர். முள்ளியவளையில் இருபத்தேழு பேர் அம்மம்மா! இந்த இருபத்தேழுக்காக எவ்வளவு அடியும் வாங்கலாம்.

அட்டையைச் சிவப்பும் மஞ்சளுமாக மாற்றினேன். எழுத்தைத் தெளிவாக வெட்டினேன். நடுவில் நாலு பக்கம் புதிது, வாத்தியம் வாசிக்கும் பெண்கள். அதில் ஒருத்தி மாட்டுக் கொட்டிலில் றம்ஸ் அடிக்கிறாள்.

படிப்பு முடிந்தது. நான் அம்மாவிடம் பயப்படத் தேவையில்லை. இனிப் படிவமும் தேவையில்லை. நீங்கள் இரண்டு பேரும் வெயிலில் அலைந்தது போதும், ஆறுதலாக இருங்கள்.

ஆயிரம் முத்தத்தோடு,
யது


முள்ளியவளை,
27.05.2025

பேத்தி யதுர்ஷிகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்துச் சந்தோசம். வாத்தியாருக்கு என் வணக்கம். புது இதழ் வந்து சேர்ந்தது. சாரங்காவின் பக்கத்தை அவள் தாய் கொட்டிலில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறாள். மாடும் பார்க்கிறது.

நீ எழுதிய ஒன்றுதான் சரியில்லை. இனிப் படிவம் தேவையில்லை என்று எழுதியிருக்கிறாய்.

நானும் இரஞ்சிதமும் ராசியாகிவிட்டோம் என்று ஊர் கதைக்கிறது. பொய். நாங்கள் கோபம்தான். பதினொரு வருடக் கோபம் ஒரு தேத்தண்ணீருக்கும் இரண்டு சொட்டுக் கண்ணீருக்கும் தீராது. நாங்கள் கதைத்தது முழுக்க இதழைப் பற்றி. படிவம் முடிந்தது, கதையும் முடிந்தது. இந்தப் பத்து நாளாக அவள் வேலிக்கு அங்கால செடிக்குத் தண்ணீர் வார்க்கிறாள், நான் இங்கால முற்றம் கூட்டுகிறேன். அவள் இரண்டு தரம் தொண்டையைச் செருமினாள். நான் ஒரு தரம். என்னத்தைக் கதைக்கிறது? விசயம் ஒன்று வேண்டாமா?

புது அட்டை நல்லது என்று நீ எப்படி முடிவெடுத்தாய்? இந்த ஊரில் ஒருவரைக் கேட்டாயா? சிவப்பும் மஞ்சளும் எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே அவளுக்குப் பிடிக்காது. அது உனக்குத் தெரிய வேண்டும். முறையாகக் கேட்க வேண்டும். தர்மபுரத்தில் அவளுடைய தங்கை வீடு இருக்கிறது, கனகராயன்குளத்தில் என் பெறாமகள் இருக்கிறாள். பஸ்சில் இரண்டு சீற் பிடித்தால் பகலுக்குள் போய் வரலாம்.

இன்னும் ஐம்பது படிவம் அனுப்பு. வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு முதல் கிடைக்க வேண்டும். கேள்வி எட்டுப் போதாது, இருபது போடு.

சுகமாக இரு.

அம்மம்மா